நாலாவது டோக்கன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தப்பு என்னுடையதுதான். காவலாளி வீராசாமியை யாரும் குறை சொல்ல வேண்டாம். அந்த மனிதர் பலகையைப் பார்த்தார், பலகையில் எல்லா டோக்கனும் தொங்கியது, கதவைச் சாத்தினார். அந்த டோக்கன்களை மாட்டியவன் நான்.

ஆவடியில் ராணுவத்துக்குச் சாமான் செய்கிற ஃபேக்டரியில் முப்பத்துநாலு வருடம் வேலை பார்த்து, மேற்பார்வை பார்க்கிற சார்ஜ்மேனாக ரிட்டையர் ஆனவன் நான். பெயர் மனோகரன். குவார்ட்டர்ஸைக் காலி செய்து சேக்காட்டில் சொந்த வீட்டுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. மற்ற நாளில் எங்களையே ஃபேக்டரிக்குள் விடமாட்டார்கள். ஆயுத பூஜை அன்று மட்டும் குடும்பத்தோடு போகலாம். மிஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை கொடுத்து, அன்றைக்கு ஃபேக்டரியே கல்யாண வீடு மாதிரி இருக்கும்.

இந்த வருடம் ஒரு புதுமை. ஃபேக்டரியின் பின்பக்கம், புங்கமரத்துக்கு அடியில், பூமிக்குள் ஒரு பங்கர் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் மெட்ராஸில் குண்டு போடுவான் என்று பயந்துகிடந்த காலத்தில், வெள்ளைக்காரப் பட்டாளம் கட்டிய கட்டளை அறை. நாங்கள் வேலை பார்த்த காலத்தில் அங்கே பாம்புதான் குடித்தனம் இருந்தது. இப்போது சுத்தம் செய்து, சாமான்களை இருந்த இடத்திலேயே வைத்து, பார்வைக்குத் திறந்துவிட்டார்கள்.

மகள் ஷர்மிளாவும் மாப்பிள்ளை கோகுல்நாத்தும் கரையான்சாவடியிலிருந்து வந்துவிட்டார்கள். என் மனைவி கஸ்தூரிதான் பங்கருக்குள் வரமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். அவளுக்கு மூடின இடம் ஆகாது. பாத்ரூம் கதவுக்குக்கூடத் தாழ்ப்பாள் போடமாட்டாள். மகள் வீடு நாலாவது மாடி. முழங்கால் வலியோடு அத்தனை படியும் ஏறுவாளே தவிர, லிஃப்டில் கால் வைக்கமாட்டாள்.

"நீங்க பாத்துட்டு வாங்க. நான் மரத்தடியில உக்காந்திருக்கேன்" என்றாள்.

"ஜப்பான்காரனே வரல, நீ எதுக்குடி பயப்படற? நான் கூடவே இருக்கேன்ல" என்றேன். மாப்பிள்ளை சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு ஆசைப்பட்டு இன்னும் நாலு வார்த்தை கேலி பேசினேன். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து வந்தாள்.

வாசலில் வீராசாமி ஆளுக்கொரு பித்தளை டோக்கன் கொடுத்தார். ஒரு தடவைக்கு இருபது பேர். மேலே ஏறி வந்ததும் அவரவர் டோக்கனைப் பலகையில் அந்தந்த நம்பர் ஆணியில் மாட்ட வேண்டும்.

"தொலைச்சுடாதீங்க. உள்ள எத்தினி பேர் கீறாங்கன்னு எனக்கு இதான் கணக்கு. இந்தக் கதவுக்கு உள்பக்கம் சக்கரம் கெடையாது. மாட்னா வெளிய இருந்துதான் தொறக்கணும்."

எங்கள் நாலு பேர் டோக்கனையும் வாங்கி நானே சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். டோக்கன் விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். பழைய நாளில் ஃபேக்டரி கேட்டிலும் இதே பித்தளை டோக்கன்தான். மணி அடிக்கிற நேரத்தில் கூட்டாளி அப்போதுதான் சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருப்பான். அவன் டோக்கனையும் சேர்த்து நாமே போட்டுவிடுவோம். எப்படியும் வந்துவிடப்போகிறவன்தானே. அப்படி எத்தனை பேரின் அரைநாள் சம்பளத்தைக் காப்பாற்றியிருப்பேன்! அதில் எனக்குப் பெருமை உண்டு.

நாற்பத்திரண்டு படி. கீழே ஈரச் சுவர், மக்கின காகித வாசனை. நடுவில் கூடம் முழுக்க அடைத்துக்கொண்டு ஒரு மேஜை. அதன்மேல் கடற்கரையும் பூந்தமல்லி ரோடும் செம்பரம்பாக்கம் ஏரியும் வரைந்த பெரிய வரைபடம். சுற்றிலும் கைப்பிடி சுற்றுகிற டெலிபோன்கள், நின்றுபோன கடிகாரம், காக்கிச் சட்டை போட்ட இரண்டு பொம்மைகள். கஸ்தூரி வரைபடத்தைப் பார்க்கவே இல்லை. என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு விளக்கையும் படியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டரைக்குப் பூஜை. "போதும், ஏறுங்க ஏறுங்க!" என்று மேலேயிருந்து வீராசாமி குரல் கொடுத்தார். மகளும் மாப்பிள்ளையும் முதலில் ஏறினார்கள். "நீங்க முன்னாடி போங்க, பின்னாடியே வரேன்" என்றாள் கஸ்தூரி. எங்களுக்குப் பின்னால் யாரும் இல்லை, படி அகலமும் ஒரு ஆளுக்குத்தான். எனக்கு முன்னால் ஏறினவர் ஏதோ சந்தேகம் கேட்டார். சும்மா விடுவேனா? பீரங்கி ஷெல் எப்படி வெடிக்கும் என்று நாற்பத்திரண்டு படிக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டே ஏறினேன். பின்னால் அவள் வருகிறாளா என்று திரும்பிப் பார்க்கவில்லை. முப்பத்தொன்பது வருடமாக அவள் என் பின்னால்தான் வருகிறாள். திரும்பிப் பார்த்து எனக்குப் பழக்கமில்லை.

பலகைக்கு முன்னால் வந்து நாலு டோக்கனையும் எடுத்து நாலு ஆணியிலும் மாட்டினேன். மூன்றாவது படியிலேயே அவள் முழங்கால் பிடித்துக்கொண்டு, இறங்கிப்போய் மேஜையோரம் உட்கார்ந்துவிட்டது எனக்குத் தெரியாது. "ஏங்க" என்று கூப்பிட்டாளாம். என் விளக்கத்தில் என் காதிலேயே விழவில்லை.

மரத்தடியில் என் பழைய கூட்டாளி ஷேக் தாவூத் நின்றிருந்தான். பூந்தமல்லிக்காரன், இருபது வருடம் எனக்குப் பக்கத்து மிஷின். பங்கருக்குக் காற்றுப் போகிற குழாய் அந்த மரத்தடியில்தான் இடுப்பளவுக்கு நீட்டிக்கொண்டிருக்கிறது. அதைச் சுற்றிக் கட்டிய சிமெண்ட் மேடையில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தோம். பூஜை நடக்கிற பக்கத்து ஷெட்டில் ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது.

"தங்கச்சி வரலியா மச்சான்?" என்றான் தாவூத்.

"வந்துகீறா. எங்கனா பொம்பளைங்களோட பேசிகினு நிப்பா."

பழைய ஃபோர்மேனைப் பற்றிப் பேசினோம், யார் யார் போய்ச் சேர்ந்தார்கள் என்று பேசினோம். நடுவில் தாவூத் குழாய்ப் பக்கம் தலையைச் சாய்த்தான்.

"உள்ள இன்னாவோ சத்தம் கேக்குதுடா."

நான் காது கொடுத்துக்கூடக் கேட்கவில்லை. "காத்து மச்சான். வெண்டிலேஷன் பைப்புல காத்து அடிச்சா அப்படித்தான் ஊளையிடும்" என்றேன். முப்பத்துநாலு வருட சர்வீஸ்காரன் சொன்னால் யார் மறுப்பார்கள்? தாவூத் தலையை ஆட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போனான்.

ஷர்மிளா இரண்டு கையிலும் பொரிப் பொட்டலங்களோடு வந்தாள். மாப்பிள்ளை பின்னால் வந்தார். நான் வாங்கி எண்ணினேன். எனக்கு, ஷர்மிளாவுக்கு, மாப்பிள்ளைக்கு.

"நாலு கீது. ஒண்ணு அதிகமா குடுத்துட்டான்மா" என்றேன்.

ஷர்மிளா என்னைப் பார்த்தாள். "அதிகமா? அது அம்மாவுக்குப்பா."

அவள் கண் என் பக்கத்தில் தேடியது.

"அம்மா எங்க?"

"உன்கூட இல்ல?"

"உங்ககூட இருக்காங்கன்னு நெனச்சேன்!"

தாவூத் மெதுவாக மேடையிலிருந்து எழுந்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. "மச்சான்," என்றான், "காத்துன்னியேடா."

நான் கதவுப் பக்கம் ஓடினேன். பலகையைப் பார்த்தேன். ஓர் ஆணிகூடக் காலியில்லை. என் கையால் மாட்டியது. அதற்குப் பக்கத்தில் இரும்புக் கதவு, முழங்கை அளவு தடிமன். கரண்ட் மெயினை அணைத்து, கதவைப் பூட்டிவிட்டு வீராசாமி பூஜைக்குப் போய்விட்டார். எல்லார் செல்போனையும் மெயின் கேட்டிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். மாப்பிள்ளை அவரைக் கூட்டிவர ஷெட்டுக்கு ஓடினார். ஷர்மிளா கதவைக் கையால் அறைந்து "அம்மா அம்மா" என்று கத்தினாள். நான் குழாயில் வாயை வைத்து, "கஸ்தூரி! கஸ்தூரி!" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டேன்.

இப்போது அதிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

அந்த நிமிஷத்தை நான் இன்றைக்கும் நினைக்கப் பயப்படுகிறேன். பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் போடாதவள். நான் கூடவே இருக்கிறேன் என்று சொல்லி இறக்கினேன். அவள் கூப்பிட்டாள், நான் ஊளை என்றேன். குழாய்க்குள் இருந்து ஈரச் சுவர் வாசனை என் முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது.

வீராசாமி நெற்றியில் குங்குமம் வழிய ஓடிவந்தார். "அல்லா டோக்கனும் இருந்துச்சே சார், எண்ணிட்டுத்தானே சாத்னேன்" என்று சொல்லிக்கொண்டே கதவுச் சக்கரத்தைப் பிடித்தார். சக்கரத்தைச் சுற்றுவதற்குள் எனக்கு ஒரு யுகம் போயிற்று. கதவு அசைந்ததும் முதல் ஆளாக உள்ளே பாய்ந்தேன். விளக்கு வருவதற்கு முன்பே சுவரைத் தடவிக்கொண்டு, பாதி விழுந்து பாதி உருண்டு இறங்கினேன்.

விளக்கு எரிந்தபோது அவள் குழாய் வந்து திறக்கிற மூலையில் இருந்தாள். ஒரு நாற்காலியை அங்கே இழுத்துப் போட்டு, அதன்மேல் மண்டியிட்டு, இரண்டு கையாலும் குழாய் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். புடவை வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கண் திறந்திருந்தது. நாற்பது நிமிஷம் அந்த இருட்டில் அப்படியே இருந்திருக்கிறாள். கத்திக் கத்திக் குரல் போய்விட்டது, அதனால்தான் கடைசியில் பதில் வரவில்லை.

"அம்மா!" என்று ஷர்மிளா கட்டிக்கொண்டாள். தாவூத் படியிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான்.

"மேல வந்ததுமே உன்னைத்தான் தேடினேன் கஸ்தூரி" என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலை. மகளின் தோளுக்கு மேலே என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் குழாயை அண்ணாந்து பார்த்துவிட்டு, வெறும் காற்றாக வந்த குரலில் கேட்டாள்.

"ஒண்ணு அதிகமா குடுத்துட்டான்னீங்களே, அந்தப் பொட்டலம் எங்க?"

அது என் கையில்தான் இருந்தது. இறங்கின வேகத்தில் கிழிந்து, பொரியெல்லாம் படியில் கொட்டிப்போயிருந்தது.