அரைகுறை வீட்டில் கேட்ட சத்தம்

விசைப்பலகையில் இருந்து கழற்றிய எண்பத்தேழு பொத்தான்களையும் சவர்க்காரத் தூள் கரைத்த தண்ணீரில் ஊறவைத்து, பழைய பல் பிரஷால் ஒவ்வொன்றாகத் தேய்த்து, சுளகில் பரப்பிக் கிணற்றுக்கட்டில் வெயிலுக்கு வைத்துவிட்டு ஸப்னா கை துடைக்கக்கூட இல்லை, காகம் ஒன்றைக் கொத்திக்கொண்டு போய்விட்டது.

"சூ! கொண்டா இங்க!"

காகம் பக்கத்து வளவு முருங்கையில் குந்தியிருந்து பொத்தானைக் காலால் புரட்டிப் பார்த்தது. தின்கிற சாமான் இல்லை என்று தெரிந்ததும் விட்டெறிந்தது. அது போய் விழுந்தது தெருவோரச் சாக்கடைக் கானுக்குள்.

குசினி வாசலில் நின்ற மூத்தவள் நஸீறா ராத்தா சிரித்தாள். "காகமே வேணாம் எண்டு எறிஞ்ச சாமானத்தான் நீ காசு குடுத்து வாங்கி வந்திரிக்காய்."

ஸப்னா மீதியை எண்ணினாள். எண்பத்தாறு. போனது மேல்வரிசை எஃப் ஒன்பது. தமிழ் அடிக்கிறவளுக்கு அது தேவையில்லை. ஆனாலும் அந்த ஓட்டை அவளை இருக்கவிடவில்லை. வீட்டுக்குள் போய்ப் பற்பசை மூடி ஒன்றைத் தேடி எடுத்துவந்து, அந்தத் தண்டில் பொருந்துமா என்று மூன்று தரம் வைத்துப் பார்த்தாள்.

அவளால் எதிலும் நிலைகொள்ள முடியாமல் போய் ஒரு மாதமாகிறது. வாப்பா மவுத்தாகி அடக்கம் செய்த நாளிலிருந்து. சோறு தின்னும்போதும் இடது கை மடியில் எழுத்தடித்துக்கொண்டிருக்கும். வாப்பாவுக்கு மூச்சு வருத்தம் கூடிய வருஷம் பள்ளிக்கூடத்தை விட்டவள். கட்டிலருகே இருந்து பார்த்த நேரத்தில், பழைய மடிக்கணினியில் பாமினி என்ற தமிழ் எழுத்துருவை விசைப்பலகை பாராமலே அடிக்கப் பழகியிருந்தாள். கல்முனையில் அச்சகம் வைத்திருக்கும் றொமால்ட் அண்ணன் முதலில் கலியாணக் கார்ட்டுகள் தந்தார். இப்போது ஒரு புத்தகம் தந்திருக்கிறார். நீர்ப்பாசன இலாகாவில் இருந்து ஓய்வுபெற்ற யாகோப்பு ஐயா, வாய்க்கால்களையும் மதகுகளையும் பற்றிக் கையால் எழுதிய நூற்றுப்பன்னிரண்டு பக்கம்.

"வியாழக்கிழமை நாலு மணிக்குள்ள தாங்க தங்கச்சி. வெள்ளி விடிய அச்சுக்குப் போகணும். இத ஒழுங்காத் தந்தீங்கண்டா மறுகா வாற புத்தகமெல்லாம் உங்களுக்குத்தான். பிந்திச்செண்டா நான் வேற ஆளத்தான் பாக்கணும்" என்று சொல்லியிருந்தார்.

மடிக்கணினியின் விசைகளில் தேத்தண்ணி ஊற்றுப்பட்டுப் பாதி செத்துவிட்டது. மலிவாக வாங்கிச் செருகிய பலகை ஒரு மாதத்தில் புள்ளி போட மறுத்தது. புள்ளி இல்லாமல் தமிழில் எதை அடிப்பது? அப்போதுதான் நிந்தவூரில் பழைய இரும்புக் கடையில் இந்தக் கனத்த கறுப்புப் பலகையைக் கண்டாள். இழுத்து மூடிய கணினி விளையாட்டுக் கடை ஒன்றில் இருந்து வந்ததாம். சோடா ஊற்றுப்பட்டுப் பிசுபிசுத்தது. ஆனால் ஒவ்வொரு பொத்தானுக்கும் அடியில் தனித்தனி விசை. செத்ததை மட்டும் கழற்றி மாற்றலாம். அது ஒன்று போதும் அவளுக்கு.

விளையாட வந்த பொடியன்கள் நாலே நாலு பொத்தான்களைத்தான் போட்டு அடித்திருக்கிறார்கள். முன்னுக்கு, பின்னுக்கு, இடம், வலம். பாமினியில் அந்த நாலும் ற, ள, ய, ன. நாலும் தொட்டால் இரண்டு தரம் விழுந்தன, இல்லாவிட்டால் விழவேயில்லை. ஒலிபெருக்கி திருத்தும் கச்சிமுகம்மது காக்காவின் வீட்டுக்குப் போய், கதவுக்குப் பின்னால் நின்றே அவருடைய மனைவியிடம் ஈயம் உருக்கும் சோல்டரிங் அயனை இரவல் கேட்டாள். யாரும் தொடாத மூலைப் பொத்தான்கள் நாலின் விசைகளைக் கழற்றி அந்த நாலு இடத்திலும் வைத்தாள். பழைய ஈயத்தை உறிஞ்ச, வயர் ஒன்றை உரித்து அதன் செப்பு நூலை வைத்து அழுத்தினாள். பெருவிரலில் ஒரு கொப்புளம். அழிந்துபோன நாலு எழுத்தையும் ராத்தாவின் கலியாணத்துக்கு வாங்கிய, நகத்துக்குப் பூசும் சிவப்புக் கியூட்டெக்ஸால் எழுதினாள். தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழுச் செய்யத் தடை என்று ராத்தா அந்தப் போத்தலைப் பிறகு தொட்டதேயில்லை.

திங்கட்கிழமை பகல் பலகையைப் பொருத்திப் பூட்டி முதல் வரியை அடித்தாள். கட கட கட கட என்றது.

ஓட்டில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி இருந்தது. கைகள் கொண்டாடின. மூன்று பக்கம் ஓடியது. நாலாம் பக்கத்தில் ராத்தா வந்து நின்றாள்.

"உனக்கு வெக்கம் இரிக்கா? உம்மா இத்தாவில இரிக்கா. ஊருச்சனம் வந்து குந்தியிரிக்கி. வாப்பா போய் நாப்பது நாள் ஆகல்ல, மகள் உள்ளுக்க விளையாடுறா எண்டு கதைப்பாங்க!"

"விளையாடல்ல ராத்தா. புத்தகம்."

"சத்தத்துக்குத் தெரியுமா அது புத்தகமெண்டு? இன்னொருக்காக் கேட்டிச்செண்டா அள்ளிக் கிணத்துக்க போடுவன்."

கணவனை இழந்தவள் இருக்கும் அந்த இத்தாக் காலம் முடியும்வரை, நாலு மாதமும் பத்து நாளும், உம்மா தன் அறையை விட்டுப் பெரிதாக வெளியே வரமாட்டார். பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு நாளும் பத்துப் பெண்கள் வந்து பாயில் இருப்பார்கள். அந்த அறைக்கும் ஸப்னாவின் அறைக்கும் சுவர் ஒன்றுதான் இடையில்.

செவ்வாய்க்கிழமை முழுக்க ஸப்னா சத்தத்தோடு சண்டை பிடித்தாள். அலுமாரிக்குப் பின்னால் வாப்பாவின் ஒக்சிசன் குழாய் சுருண்டு கிடந்தது. அதை எடுத்துச் சிறிது நேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு சவரப் பிளேட்டால் மெல்லிய வளையம் வளையமாக வெட்டி, ஒவ்வொரு பொத்தானின் தண்டிலும் மாட்டினாள். எண்பத்தாறு வளையம். உட்கூட்டில் பழைய மடிக்கணினிப் பெட்டியின் ஸ்பொஞ்சுத் தாளை விரித்தாள். எல்லாம் பூட்டி ஒரு சொல் அடித்தாள்.

அடியில் முட்டுகிற 'டொக்' குறைந்திருந்தது. 'கடக்' அப்படியே இருந்தது. அந்த ஓசை பொத்தானில் இல்லை, விசையின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது என்று அப்போதுதான் விளங்கியது. ஒரு நாள் போய்விட்டது. நூறு பக்கத்துக்கு மேல் கிடக்கிறது. அறைக்குள் நாலு எட்டு நடந்தாள், திரும்பி நாலு எட்டு நடந்தாள். யன்னலுக்கு வெளியே அவளுடைய வீடு தெரிந்தது.

அவளுடைய வீடு என்றால், சுவர் எழும்பி, ஓடு போட்டு, கதவு யன்னல் இல்லாமல் நிற்கிற வீடு. இந்தப் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு இல்லாமல் கலியாணம் இல்லை. ராத்தாவுக்குக் கொடுத்தது இப்போது இருக்கிற வீடு. ஸப்னாவுக்கென்று அதே வளவில் வாப்பா தொடங்கியது நடுவில் நின்றுபோனது. கேட்டு வந்த ஒரு மாப்பிள்ளை வீட்டாரும் அதோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

புதன் காலை குசினியிலிருந்து வயர் இழுத்து, சீமெந்துப் பைகளை அடுக்கி மேசையாக்கி, அங்கே போய்க் குந்தினாள். வெறும் சுவர்கள் ஒவ்வொரு அடியையும் இரண்டாக்கித் திருப்பித் தந்தன. யாரும் ஏசவில்லை. மதகு, மடை, வான்கதவு, கிளைவாய்க்கால். யாகோப்பு ஐயாவின் கோணல் எழுத்துக்குப் பின்னால் கைகள் ஓடின.

அன்று அஸருக்குப் பிறகு ராத்தா மூச்சு வாங்க ஓடிவந்தாள். கிணற்றுக்குத்தான் பலகை போகப்போகிறது என்று ஸப்னா அதை மடிக்குள் அணைத்தாள்.

"அடி! ஏன் நிப்பாட்டினாய்? அடி!"

"என்ன ராத்தா?"

"முஸ்பிறா மாமி வந்திரிக்காவு." ராத்தாவின் கண்கள் மினுங்கின. பேச்சை நிறுத்திய அந்த மாப்பிள்ளையின் பெரியம்மாதான் முஸ்பிறா மாமி. "உம்மாக்குப் பக்கத்தில இருந்து காதக் குடுத்துக் கேட்டாவு. 'சின்னவட ஊட்டு வேல தொடங்கிட்டீங்க போல, மேசன் கொத்துற சத்தம் கேக்குது' எண்டாவு. நான் ஒண்டும் சொல்லல்ல. சும்மா சிரிச்சன்."

"ஏன் சிரிச்ச? இல்லையெண்டு சொல்லியிரிக்கலாமே!"

"பொய் சொன்னனா நான்? சிரிச்சன். நாளைக்கு நாலு மணிக்கு இன்னும் ரெண்டு பேரக் கூட்டி வாறாவாம். அதுவரைக்கும் இந்தச் சத்தம் நிக்கப்படாது. அந்த வளையத்தையும் கழட்டி உடு, நல்லாக் கேக்கட்டும்."

"நாளைக்கு நாலு மணிக்கு நான் கல்முனையில நிக்கணும்."

"உனக்கு மாப்பிள்ள பெரிசா, வாய்க்கால் பெரிசா?"

ஸப்னா வளையங்களைக் கழற்றவில்லை. ஆனால் அடித்தாள். இருட்டும் வரை அடித்து, விடிந்ததும் மறுபடி குந்தினாள். வியாழன் இரண்டரை மணிக்கு நூற்றுப்பன்னிரண்டாம் பக்கத்தின் கடைசிப் புள்ளியைப் போட்டாள். பென்டிரைவில் ஏற்றி, கைக்குட்டையில் முடிந்துகொண்டு, கறுத்த ஹபாயாவை மாட்டி உம்மாவின் அறை வாசலில் போய் நின்றாள். உள்ளே உம்மா வெள்ளைச் சீலையோடு சுவரில் சாய்ந்திருந்தார்.

"உம்மா, மாமியாக்கள் வாற நேரம் நான் இல்லாட்டி..."

"சத்தம் எங்கட மேசன்ட இல்லெண்டு எனக்குத் தெரியாதா புள்ள? மேசன் வெத்தில போட எண்டாலும் நிப்பாட்டுவான். நீ நிப்பாட்டல்ல." உம்மா கண்ணைத் திறக்காமலே சொன்னார். "நாலு மணியெண்டு சொன்ன மனிசன் நாலு மணிக்குப் பாத்திட்டு இரிப்பான். போ."

முற்றத்தில் ராத்தா கையை விரித்து வழி மறித்தாள். "ஒரு மணித்தியாலம்! அதுக்குப் பிறகு போ!"

"பஸ் நிக்காது ராத்தா."

இதுவரை ராத்தாவின் முகத்தைப் பார்த்து இவ்வளவு சத்தமாக அவள் எதையும் சொன்னதில்லை. விரித்த கைக்குக் கீழே குனிந்து கடப்பு வாசலைத் தாண்டினாள்.

தெரு முனையில் முஸ்பிறா மாமி இரண்டு பெண்களோடு குடை பிடித்து வந்துகொண்டிருந்தார். நேரத்தோடே புறப்பட்டிருக்கிறார்கள். ஸப்னா ஸலாம் சொல்லி ஓரமாய் ஒதுங்கினாள்.

"எங்க மகள் இந்த வெயிலுக்க?"

"கல்முனைக்கு மாமி. வேல ஒண்டு குடுக்கணும்."

"போய்ட்டு வா, போய்ட்டு வா. நாங்க ஊட்டப் பாக்கத்தான் வாறம். இண்டைக்குச் சத்தத்தக் காணல்லியே?"

ஸப்னா வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து, மதிலுக்கு அப்பால், கதவில்லாத வீட்டுக்குள்ளிருந்து வந்தது. கடக். கடகடகடக். டொக். சிறிது நின்று, மறுபடி ஒரேயிடத்தில் பத்துத் தரம். எழுத்துத் தெரியாத அடி. பத்து விரலும் ஒன்றாய் விழுகிற அடி. உள்ளபடியே மேசன் கொத்துகிற மாதிரித்தான் இருந்தது.

மாமி பக்கத்துப் பெண்ணைப் பார்த்துத் தலையாட்டினார். "நான் சொன்னனா இல்லியா?"

ஸப்னாவின் பெருவிரல் கொப்புளம் விண்ணென்றது. ராத்தா எந்தப் பொத்தானில் குத்துகிறாள்? ற-வுக்கு வைத்த ஈயம் இன்னும் சரியாகப் பிடிக்கவில்லையே. ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்து நிறுத்த வேண்டும் போலிருந்தது. திரும்பி இரண்டு எட்டு வைத்தும் விட்டாள்.

பிரதான வீதியில் பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது.

கைக்குட்டை முடிச்சை இறுகப் பிடித்துக்கொண்டு அவள் வீதியைப் பார்த்து ஓடினாள். பஸ் நகர்ந்து கனதூரம் போன பிறகும் அவள் காதுக்குள் ராத்தா அடித்துக்கொண்டேயிருந்தாள். மடியில் கிடந்த இடது கை, அவள் சொல்லாமலே, பிழைகளைத் திருத்திக்கொண்டு வந்தது.