அளவு பார்க்க வந்த கவுன்

வாண்டுக்கு ஒரு வாய் சோறு ஊட்டுவதற்குள் அவள் அம்மாவுக்கு உயிர் போய் உயிர் வரும். நான்கு வயதுதான். ஆனால் வாயை மூடினால் மூடியதுதான், குட்டிக்கரணம் போட்டாலும் திறக்க மாட்டாள். தொட்டிலில் கைக்குழந்தையாகத் தம்பி வேறு. அழ ஆரம்பித்தால் ஊரையே கூட்டிவிடுவான். இரண்டுக்கும் நடுவில் தையல் மெஷின். அம்மா வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கிறவள். முடிக்காத பள்ளிச் சீருடைகள் மெஷினுக்குப் பக்கத்தில் இடுப்பு உயரத்துக்குக் குவிந்து கிடக்கும். அப்பா பஸ் ஓட்டுகிறவர். விடியுமுன் கிளம்பினால் பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் திரும்புவார். ஆகவே பிள்ளை வளர்ப்பில் அவருடைய பங்கு யோசனை சொல்வது மட்டும்தான்.

இப்படிப்பட்ட வீட்டில் ஒரு தாய் என்ன செய்வாள்? எல்லாரும் செய்வதைத்தான் செய்தாள், பயமுறுத்தினாள். சந்துக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் எட்டிவிடும் போல ஒரு கட்டடம். அதில் இவர்கள் ஜன்னலுக்கு நேர் எதிரே, எப்போதும் சாம்பல் நிறத் திரை போட்ட ஒரு ஜன்னல். அங்கே விளக்கு எரிந்து அவள் பார்த்ததில்லை. ஆள் இல்லாத வீடு என்பதால்தான் தைரியமாக அதைப் பிடித்துக்கொண்டாள்.

"எதிர் வீட்டு அத்தை, இந்தப் பொண்ணு சாப்பிட மாட்டேங்குது. வந்து கூட்டிக்கிட்டுப் போங்க," என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூவுவாள். வாண்டு திரையைப் பார்த்தபடியே வாயைத் திறந்துவிடுவாள்.

ஒரு உபாயம் பலித்துவிட்டால் மனிதர்கள் அதை லேசில் விடுவதில்லை. குளிக்க அடம் பிடித்தால் அத்தை, தம்பியை எழுப்பிவிட்டால் அத்தை, பொத்தான் டப்பாவைக் கவிழ்த்தால் அத்தை. ஒருநாள் எரிச்சல் தலைக்கேறி, "எனக்குத் தம்பி ஒருத்தன் போதும். இவ வேண்டாம். நீங்களே வச்சுக்குங்க," என்றுகூடச் சொல்லிவிட்டாள்.

"நிஜமாவே குடுத்துடுவியாம்மா?" என்று கேட்டாள் வாண்டு.

"பின்னே? அம்மா என்னைக்காவது பொய் சொல்லியிருக்கேனா?"

சொன்ன பிறகு நெஞ்சில் ஏதோ நெருடத்தான் செய்தது. ஆனால் கிண்ணம் காலியாகிவிட்டது. அவளும் மெஷினில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் எதிர் ஜன்னல் கம்பியில் ஒரு சின்ன மஞ்சள் கவுன் காய்ந்தது. யாரோ குடிவந்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். இத்தனை நாள் கூவியதெல்லாம் காதில் விழுந்திருக்குமோ என்று வெட்கமாகக்கூட இருந்தது. ஆனாலும் சோற்றுக் கிண்ணத்தை எடுத்ததும் பழக்கம் விடவில்லை. "அத்தை, வாங்க," என்றாள். திரையின் ஓரம் அசைந்தது. காற்றாக இருக்கும் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். அன்றைக்கு ஒரு இலைகூட அசையவில்லை.

கொஞ்ச நேரத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள். அந்த வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்கள் எல்லாரும் துணியோடு வருகிறவர்கள்தான். இவளும் துணியோடுதான் வந்திருந்தாள். படிய வாரிய தலை, நல்லது கெட்டது தெரிந்த முகம், கையில் அழகாக மடித்த மஞ்சள் கவுன்.

"நானே தைச்சதும்மா. கண்ணளவுதான். சரியா இருக்கான்னு பாத்துச் சொன்னா போதும்."

"எத்தனை வயசுக் குழந்தைக்கு?"

"உங்க பொண்ணு வயசுதான்."

தொழில் புத்தி முந்திக்கொண்டது. வாண்டைக் கூப்பிட்டுக் கவுனைத் தலைவழியாக மாட்டிவிட்டாள். கழுத்தைப் பார்த்தாள், அக்குளில் விரல் விட்டுப் பார்த்தாள். தன் பெண்ணுக்குத் தானே தைத்த எதுவும் இவ்வளவு கச்சிதமாக அமைந்ததில்லை. வாண்டுக்கு இடது தோள் ஒரு நூல் இறங்கியிருக்கும். குளிப்பாட்டுகிற அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாத விஷயம் அது. கவுனின் இடது தோளும் ஒரு நூல் இறக்கித் தைத்திருந்தது.

"சரியா இருக்கு," என்று வாய் சொன்னது. விரல் மறுபடியும் அந்த இடது தோள் தையலைத் தடவியது.

"அப்ப கூட்டிக்கிட்டுப் போறேன்," என்றாள் வந்தவள். "கேரட் பிடிக்காது, விளக்கு எரிஞ்சாதான் தூக்கம் வரும், எல்லாம் தெரியும். தினமும் கேட்டுக்கிட்டுதானே இருக்கேன். நீங்க கூப்பிட்ட அன்னைக்கே வந்திருக்கணும். வெறுங்கையோட எப்படி வர்றதுன்னுதான் தைக்க உக்காந்தேன்."

"நான் சும்மா சொன்னேங்க."

"தினமுமா?"

குரலில் கோபமே இல்லை. அதுதான் அம்மாவைக் குலைநடுங்க வைத்தது. வாண்டு எங்கே என்று திரும்பினாள். வாண்டு கவுனோடு உள்ளே போய், செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு, தலையணையைக் கட்டிப்பிடித்தபடி வந்து நின்றாள்.

"எங்கடி போறே?"

"அத்தை வீட்டுக்கு. நான் சாப்பிடலைல்ல. உனக்குத் தம்பி போதும்னு சொன்னியே."

அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. பிறந்ததிலிருந்து சொன்ன பேச்சு கேட்காத பெண் இன்றைக்குக் கேட்டுவிட்டாள். அம்மா தரையில் உட்கார்ந்து குழந்தையை இழுத்து இறுக்கிக்கொண்டாள்.

"உன்னை யாருக்கும் குடுக்க மாட்டேன். அம்மா சொன்னதெல்லாம் பொய்."

"நீ பொய் சொல்ல மாட்டேன்னியே."

"அதுவும் பொய்டி கண்ணு."

வந்தவள் ஒரு கையை நீட்டியபடியே நின்றாள். "எனக்கு அவசரமில்ல. அவ எதை நம்புறாளோ அதுபடி செய்யலாம்."

வாண்டு நீட்டிய கையைப் பார்த்தாள், அம்மாவின் ஈரக் கன்னத்தைப் பார்த்தாள். கடைசியில் தலையணையைக் கீழே போட்டுவிட்டு, கவுனைக் கழற்றச் சொல்லிக் கைகளைத் தூக்கினாள்.

வந்தவள் கவுனை வாங்கி, சுருக்கம் நீவி மடித்தாள். "இருக்கட்டும். வளர்ந்தா பிரிச்சு விடுற மாதிரி உள்ளே துணி விட்டுத்தான் தைச்சிருக்கேன்," என்று சொல்லிவிட்டு, கவுனோடு படியிறங்கிப் போனாள். செருப்புச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

சாயங்காலம் அம்மா சோறு ஊட்டினாள். கூவவில்லை, மிரட்டவில்லை. வாண்டு ஒவ்வொரு வாய்க்கும் தானாகவே வாயைத் திறந்தாள். பாதிக் கிண்ணத்தில் மெல்லுவதை நிறுத்தினாள்.

"என் தங்கம்னு சொல்வியே, அதுவும் பொய்யாம்மா?"

"அது நிஜம்டி. சத்தியமா நிஜம்."

வாண்டு அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. எதிர் ஜன்னலில் முதல் தடவையாகத் திரை விலகியிருந்தது. அத்தை என்ன சொல்கிறாள் என்று அங்கே பார்த்துக்கொண்டிருந்தாள்.