கடைசிப் பாரம் இல்லாத பிரதி

கட்டைவிரல் கடைசிப் பக்கங்களின் ஓரத்தில் வந்து நின்றுவிட்டது, திருப்ப மாட்டேன் என்கிறது, திருவல்லிக்கேணி நடைபாதையில் ஞாயிற்றுக்கிழமை வெயில் மண்டையைப் பிளக்க, பழைய புத்தகக் குவியலுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறாள் அம்சவேணி, மடியில் அந்த நாவல், முதற்பதிப்பு, விலை அணாவில் போட்டிருக்கிறது, எழுபது வயதில் நெஞ்சு இப்படியா அடித்துக்கொள்ளும் என்று அவளுக்கே சிரிப்பு வருகிறது. என்னம்மா, பக்கம் ஏதும் விட்டுப்போயிருக்கா, என்கிறார் கடைக்கார ஜமால், இருங்க பாய், அவசரப்படுத்தாதீங்க, என்கிறாள், சொல்லும்போதே நடைபாதை நழுவி மாயவரத்துக் கிளை நூலகமாகிறது, தாவணி, கல்யாணம் நிச்சயமான வாரம், கையில் இதே நாவல், நைந்துபோன பிரதி, அதில் சௌந்தரா அடிக்கிற புருஷனை விட்டுவிட்டுப் பட்டணத்து ரயிலில் ஏறுகிறாள், ரயில் நகர்ந்தது, அவ்வளவுதான் கதை, முற்றும் என்றுகூடப் போடவில்லை, எழுதினவருக்கு என்ன துணிச்சல் என்று உடம்பெல்லாம் புல்லரித்தது, அந்தப் புல்லரிப்பு அடங்குவதற்குள் அவளும் கல்யாணத்தை உதறிவிட்டுப் பட்டணத்து ரயிலுக்குக் கிளம்பிவிட்டாள், ஜன்னலோரம் உட்கார்ந்தது தானா சௌந்தராவா என்று இன்றைக்கும் கனவில் குழம்பும், டெலிபோன் ஆபீஸ் வேலை, தன் சம்பளத்தில் தன் சோறு.

அப்புறம் ஒருநாள் தங்கை குமுதவல்லி புதுப் பதிப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள், பாருக்கா, சௌந்தரா அடுத்த ஸ்டேஷன்லயே இறங்கித் திரும்பி வந்து புருஷன் கால்ல விழறா, நீ என்னமோ கதை விட்டியே, அம்சவேணிக்குச் சுருக்கென்றது, கதை விடுவேனாடி, இது பதிப்பகத்தான் பின்னாடி ஒட்டவெச்ச வாலு, முதற்பதிப்புல இருக்காது, என்று அன்று பிடித்த பைத்தியம், எந்தப் பழைய நாவலை எடுத்தாலும் முதலில் பதிப்பு விவரம்தான், யார் யாருடைய முதற்பதிப்புகளோ அலமாரி நிறைந்து கட்டிலுக்கு அடியிலும் புகுந்துவிட்டன, இது ஒன்றுதான் கண்ணாமூச்சி காட்டியது, ஒரு பொய்யை நம்பியா வீட்டை விட்டு வந்தோம் என்ற பயத்துக்கு இந்தப் புத்தகம்தான் பதில் சொல்ல வேண்டும்.

திருப்புகிறாள். ரயில் நகர்ந்தது, பக்கத்தின் அடிவரி, எதிர்ப்பக்கத்தில் அடுத்த அத்தியாயம், அடுத்த ஸ்டேஷன், சௌந்தரா இறங்குகிறாள், திரும்புகிறாள், விழுகிறாள், பூப்போட்ட முற்றும். இரண்டு பக்கத்துக்கும் நடுவே விரலால் தடவிப் பார்க்கிறாள், ஒரு மடிப்பு முடிந்து அடுத்தது சேரும் இடம் தட்டுப்படுகிறது, தாள்களைப் பாரம் பாரமாக மடித்துத்தானே தைப்பார்கள், கடைசிப் பாரம் சரியாக இங்கேதான் தொடங்குகிறது, மாயவரத்துப் பிரதியில் அது நூல் விட்டு எங்கோ உதிர்ந்துபோயிருக்கிறது, அட கடவுளே, எழுதினவரின் துணிச்சலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, அழுகை வரும் என்று காத்திருந்தால் வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பி வருகிறது, போனை எடுக்கிறாள், குமுதா, நீ சொன்னதுதாண்டி சரி, அவ முதல்லேர்ந்தே திரும்பித்தான் வந்திருக்கா. ஐயோ அக்கா, அப்ப நீ அதை நம்பிப் போனது, என்று குமுதா இழுக்க, அவ திரும்பினாடி, நான் திரும்பலையே, என்கிறாள் அம்சவேணி, சொன்ன பிறகுதான் அது தன் காதிலேயே விழுகிறது, எவரும் எழுதித் தராத முடிவு, தானே போட்டது, உடம்பு மறுபடியும் புல்லரிக்கிறது.

புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தவள் நிற்கிறாள், பாய், இதே புக்கு, கடைசிப் பாரம் இல்லாம ஒண்ணு வந்தா எடுத்து வைங்க. அதெல்லாம் எடைக்குப் போடுறதும்மா, அதைப் போய் யாரு கேப்பாங்க, என்கிறார் ஜமால். நான் கேக்கறேன், என்ன விலை சொன்னாலும் வாங்கிக்கறேன், என்கிறாள்.