விளக்கைச் சுற்றி வளையம்

ஆர்லன் தாடையைக் கண் லேசர் கருவியின் மேல் வைத்துவிட்டார். கால் மட்டும் தரையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது. லேசர் அடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது என்றிருந்தாள் நர்ஸ். அமெரிக்காவின் வடகோடியில் உள்ள டுலூத் நகரில் அடுத்த வாரமே பனி கொட்டத் தொடங்கும் என்கிறார்கள். பனி தள்ளும் லாரியைத் தவிர வேறொன்றும் ஓட்டத் தெரியாத மனிதருக்கு அதற்குள் கண் சரியாக வேண்டும்.

கண்புரை எடுத்து, கிட்டத்தையும் தூரத்தையும் சேர்த்துக் காட்டும் லென்ஸ் வைத்த நாளிலிருந்தே, எதிரே வரும் விளக்கைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிந்தது. டாக்டர் கிர்ஸ்டன் கேட்கும்போதெல்லாம், "அவ்வளவு மோசமில்ல" என்பார். அந்த ஊர்க்காரர்கள் காலில் ஆணி இறங்கினாலும் அதைத்தான் சொல்வார்கள். மனைவி லவோன் நச்சரித்த பிறகு, கொஞ்ச நாளாக லேசாக மங்கல் என்று மட்டும் சொல்லிவைத்தார். டாக்டர் பார்த்தார். லென்ஸுக்குப் பின்னாலிருக்கும் சவ்வில் மெல்லிய படலம் படிந்திருந்தது. லேசரால் அதில் துளை போட்டால் தீர்ந்துவிடும் என்றார். அவர்மேல் தப்பில்லை, நோயை மறைத்த வாய் ஆர்லனுடையது.

"ஒண்ணு சொல்லிடறேன், ஆர்லன்," என்றார் டாக்டர். "துளை போட்டப்புறம் லென்ஸை மாத்தறது ரொம்ப ஆபத்து. உங்களுக்குத்தான் லென்ஸ் ஆரம்பத்துல இருந்தே நல்லா இருக்கே, கவலையில்ல."

முதல் நாளிலிருந்தே தெரிந்த வளையம் படலத்தால் வந்ததல்ல, லென்ஸால்தான் என்று ஆர்லனுக்கு உறைத்தது. மூலையில் லவோன் கைப்பையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். அவர் மானம் போகக்கூடாதென்று அவளும் வாய் திறக்கவில்லை. தலையாட்டினால் அடுத்த வாரம் லாரி, வளையங்களோடு. மறுத்தால் மறுபடி அறுவைச் சிகிச்சை, குளிர்காலம் முழுக்க வீடு. போன மார்ச்சில் ஒரு மாலை, ஏரிக்கரைச் சாலையில், வளையங்களுக்குள் மறைந்து நின்ற பள்ளிப் பேருந்து நினைவுக்கு வந்தது. எப்படியோ பிரேக் பிடித்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

"அசையாதீங்க," என்றார் டாக்டர்.

ஆர்லன் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"மோசம்," என்றார். "முதல் நாள்ல இருந்தே மோசம், டாக்டர். ஒரு பஸ் மேல ஏத்திடப் பார்த்தேன்."

கைப்பைச் சத்தம் நின்றது. டாக்டர் கருவியை அணைத்தார். சவ்வு முழுசாக இருக்கிறது, லென்ஸை மாற்றிப் பார்க்கலாம், ஆனால் இந்தக் குளிர்காலத்துக்கு லாரி கிடையாது என்றார்.

வெளியே பனித்துகள் விழத் தொடங்கியிருந்தது. ஆர்லன் தானாகவே கார் சாவியை லவோனிடம் நீட்டிவிட்டுப் பக்கத்து இருக்கையில் ஏறினார். அவள் வண்டியைக் கிளப்பவில்லை.

"எந்த பஸ், ஆர்லன்?"

அவர் காரின் முன்கண்ணாடியில் விழுந்த பனியையே பார்த்தார்.

"நம்ம பேத்தி போற பஸ்."