மைனஸ் போடாத பயணி

கொடிவேலம்பட்டி டவுன் பஸ்ஸில் யார் இறங்க வேண்டுமோ அவரே கணக்குப் போட்டு வண்டியை நிறுத்த வேண்டும். நடத்துநர் பொன்னையா வேகத்தையும் தூரத்தையும் சொல்வார். பயணி முடுக்கத்தைக் கண்டுபிடித்து டிக்கெட்டின் பின்புறம் எழுதுவார். எழுதியபடி வண்டி நடந்துகொள்ளும்.

செண்பகவல்லி எப்போதும் ஷேர் ஆட்டோவில் போகிறவள். அன்று ஆட்டோ கிடைக்கவில்லை. பதிவு அலுவலக வாசலில் இன்பராஜ் புது வேட்டியில் காத்திருந்தான். ஒரு மணிக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் கல்யாண நோட்டீஸ் காலாவதியாகிவிடும். புது நோட்டீஸுக்கு இன்னும் முப்பது நாள். அதற்குள் அவள் அண்ணன் துபாயிலிருந்து வந்து எல்லாவற்றையும் நிறுத்திவிடுவான்.

மணி பன்னிரண்டு ஐம்பத்தேழு.

“ரிஜிஸ்டர் ஆபீஸ்ல இறங்கணும்ண்ணே.”

“செகண்டுக்கு இருபது மீட்டர் போறோம். நூறு மீட்டர்ல நிக்கணும்,” என்றார் பொன்னையா.

இருபதின் வர்க்கம் நானூறு. அதைத் தூரத்தின் இரு மடங்கான இருநூறால் வகுத்து, இரண்டு என்று எழுதினாள். வண்டி சீறிக்கொண்டு வேகமெடுத்தது. ஜன்னலில் இன்பராஜ் வெள்ளைக் கோடாக இழுபட்டுக் காணாமல் போனான்.

“மைனஸ் போடலையேம்மா.”

அவள் இரண்டுக்கு முன்னால் சின்னதாக ஒரு கோடு இழுத்தாள். வண்டி தணிந்து தணிந்து பெட்ரோல் பங்க்கைத் தாண்டி ஒரு கணம் நின்றது. இங்கிருந்து நடந்தால் ஒரு மணி தாண்டிவிடும். அவள் இறங்கவில்லை, கோட்டையும் அழிக்கவில்லை. வண்டி பின்னோக்கி நகரத் தொடங்கியது. பக்கத்து இருக்கை அம்மாள், தான் தவறவிட்ட கோழிக்கடை திரும்பி வருவதைப் பார்த்துப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பாதித் தூரத்தில் செண்பகவல்லி மைனஸின் குறுக்கே ஒரு கோடு கிழித்துப் பிளஸாக்கினாள். வண்டி மெல்ல அடங்கி, இன்பராஜின் செருப்பு நுனியருகே நின்றது. அம்மாளும் அவளும் குதித்தார்கள். அதே பிளஸ்ஸில் வண்டி முன்னோக்கிப் போய்விட்டது.

“முன்னாடியே ஒரு தடவை போனியே?” என்றான் இன்பராஜ்.

“குறி தப்பிடுச்சு.”

ஒரு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கையில் கையெழுத்துப் போட்டார்கள். செண்பகவல்லி அவனைவிட ஒரு சாண் உயரம். அவன் மாலையை அவள் கழுத்தைப் பார்த்து எறிந்தான். அது மேலே போய், உச்சியில் வேகம் பூஜ்யமாகி, அங்கேயே நின்றுவிட்டது. பதிவாளர் நிமிர்ந்து பார்த்தார். ஏற்கெனவே அங்கே ஏழு மாலைகள் நின்றிருந்தன. இரண்டு காய்ந்திருந்தன.

“ஃபேன் போட வேண்டாம்,” என்று உதவியாளரிடம் சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போனார்.

கையிலிருந்த மற்ற மாலையை இருவர் கழுத்துக்கும் சேர்த்துப் போட்டுக்கொண்டு அவர்கள் ஒட்டியபடி படியிறங்கினார்கள்.