லோடு ஏற்றிப் பார்த்த லேப்டாப்

கடைக்காரர் மெல்லிய லேப்டாப்பை ஒற்றை விரலால் திறந்து காட்டினார். உள்ளே என்ன இருக்கும் என்று மருமகள் யோசித்தாள். கீழே விழுந்தால் என்ன ஆகும் என்று அவள் புருஷன் யோசித்தான். குவாரியில் டிப்பர் ஓட்டுகிறவன். மாமியார் வாய்விட்டே கேட்டாள்.

"ஏம்பா, உள்ள ஏதாச்சும் இருக்கா, வெறும் மூடிதானா?"

மறுநாள் காலை குவாரி ஆபீசில் மருமகளுக்குச் சோதனை. லாரிகள் எடைமேடை வாசலில் ஏன் காத்துக் கிடக்கின்றன என்று, ஒரு வருடத்து எடைக் கணக்கை அலசி மேனேஜருக்குச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அந்த வேலை அவளுக்கு. இல்லையென்றால் வெளிக் கம்பெனிக்கு. பகலெல்லாம் ஜல்லி சுமந்துவிட்டு மாலையில் போய்ப் படித்த டேட்டா படிப்பு அது. இத்தனை நாளும் வகுப்புக் கம்ப்யூட்டரில் ஓட்டினாள். இனிமேல் சொந்த மெஷினோடு வா என்று ஆபீசில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

"டேட்டா வேலைக்கு இதுவே தாராளம்," என்றார் கடைக்காரர்.

"ராம் மெமரி எவ்வளவுண்ணா?"

"எட்டு ஜிபி."

"பின்னால கூட்டிக்க முடியுமா?"

"அது போர்டோட ஒட்டியே வருதும்மா. முடியாது."

அவள் கீழ்த்தட்டைக் கைகாட்டினாள். அங்கே ஒரு தடித்த கறுப்பு லேப்டாப் கிடந்தது. எங்கோ ஓர் ஆபீசில் உழைத்துவிட்டு வந்தது, மூலையில் கீறல். ஆனால் ராம் முப்பத்திரண்டு.

"பழசும்மா அது."

"நானும் பழசுதான்," என்றாள் மாமியார். "ஓடாமயா நிக்கிறேன்?"

புருஷன் குறுக்கே வந்தான். "புதுசோ பழசோ, லோடு ஏத்தி மேட்டுல ஓட்டிப் பாக்காம நான் வண்டி எடுத்ததில்ல. இதுல ஏத்த ஏதாச்சும் வச்சிருக்கியா?"

வைத்திருந்தாள். பென்டிரைவில் லினக்ஸ், அவள் எழுதிய புரோகிராம், ஒரு வருடத்து எடைக் கணக்கு எல்லாம் இருந்தன.

"இதுலதான் விண்டோஸ் இருக்கே, லினக்ஸ் எதுக்கு?" என்றார் கடைக்காரர்.

"எடைமேடை புரோகிராம் விண்டோஸ்லதான் ஓடும். என் வேலைக்கு லினக்ஸ்தான் தோது. ரெண்டையும் போட்டுக்குவேன்."

"ஒரே வீட்டுல ரெண்டு குடித்தனமா?" மாமியார் முகம் சுளித்தாள். "விடிஞ்சா சண்டைதான்."

"நடுவுல சுவர் வச்சிடலாம் அத்தை. ஒருத்தர் அடுப்புப் பத்த வச்சா இன்னொருத்தர் தூங்குவாங்க."

"அப்ப நம்ம வீட்டைவிடத் தேவல."

கறுப்பு லேப்டாப்பில் வேலையை ஓட விட்டாள். காற்றாடி இரைந்தது. புருஷன் காதை வைத்துக் கேட்டுத் தலையாட்டினான். தெருவில் ஒரு மணல் லாரி போக, கடைக்குள் தூசி பறந்தது. கொஞ்ச நேரத்தில் காற்றாடிச் சத்தம் அலறலானது. பிறகு திரை பொட்டென்று இருண்டது.

"நான்தான் சொன்னேனே," என்றார் கடைக்காரர்.

மருமகள் பென்டிரைவை உருவி மெல்லியதில் செருகினாள். அது பாதிவரை ஓடியது. அப்புறம் திரையில் அம்புக்குறிகூட அசையவில்லை.

"மேடு ஏறல," என்றான் புருஷன்.

"ஞாயித்துக்கிழமை, அரை நாள்தான்மா கடை," என்று கடைக்காரர் ஷட்டர் கொக்கியைக் கையில் எடுத்தார். நாளைக்கு மருமகள் கையை வீசிக்கொண்டு போய் நின்றால், மறுநாள் ஜல்லிக் கூடைதான். கறுப்பு லேப்டாப்பை மூடப் போனவள் அதன் பின்பக்கம் கை வைத்தாள். துணி தட்டுப்பட்டது. சூடான துணி.

"அத்தை, இது யாரு துண்டு?"

"என்னோடதுதான். தூசி போகுதேன்னு அடைச்சு விட்டேன்." மாமியார் குரலில் பெருமை இருந்தது. அவளும் வேலை பார்க்கும் குவாரியில் எந்த மெஷினையும் திறந்து போட்டால் ஃபோர்மேன் தோலை உரிப்பான், அந்தப் பழக்கம்.

"அத்தை, அது மூச்சு விடுற இடம். மூக்கைப் பொத்திட்டீங்க."

புருஷன் சிரித்த சிரிப்பில் கடைக்காரரும் கொக்கியைக் கீழே வைத்துவிட்டார். சூடு ஆறியதும் மறுபடி ஓட்டினாள். இந்த முறை காற்றாடி நிதானமாக இரைந்தது. கடைசியில் திரை முழுக்க நீல நீலமாகப் பட்டைகள் எழுந்து நின்றன. அவள் மூச்சை விட்டாள்.

"ஏறிடுச்சு," என்றான் புருஷன். கடைக்காரர் கறுப்பு லேப்டாப்போடு ஒரு பையைச் சும்மாவே கொடுத்தார்.

மறுநாள் ஆபீசில் மருமகள் ஓட விட்டதைப் பார்க்க மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டார். கையிலிருந்த தடித்த ஃபைலை லேப்டாப்பின் முதுகில் சாய்த்து வைத்தார். மருமகள் வாயைத் திறப்பதற்குள், அந்த ஆபீசைப் பெருக்குகிற மாமியார் விளக்குமாற்றோடு வந்து நின்றாள்.

"ஐயா, அதைக் கொஞ்சம் நகத்துங்க. அது மூச்சு விடுற இடம்."

மேனேஜர் திகைத்து ஃபைலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பட்டைகள் எழுந்தன, மணிக்கு மணி காத்து நின்ற லாரிகளின் கணக்கு. மதியத்தில் ஒரு பட்டை மலை மாதிரி நின்றது, அதன்பின் வந்தவை சாயங்காலம் வரை மெல்லத்தான் இறங்கின.

"ரெண்டு எடைமேடைக்காரங்களும் ஒரே நேரத்துல சாப்பிடப் போறாங்க சார். அப்ப சேர்ற கூட்டம் சாயங்காலம் வரைக்கும் கரையல."

மேனேஜர் பட்டையையே பார்த்தார். "இது யாருக்குமே தோணலையே," என்றார். பிறகு, "அவங்களை மாத்தி மாத்திப் போகச் சொல்றேன். நாளையிலிருந்து நீ இந்த மேசையில உக்காரு."

"ஜன்னல் பக்கம் போடாதீங்க ஐயா," என்றாள் மாமியார். "தூசி வரும். நான் அடைக்கவும் முடியாது."

வெளியே லாரி வரிசையின் கடைசியில் ஒரு டிப்பர் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. யாருடையது என்று மருமகளுக்குத் தெரியும்.