தேய்மானத்துக்குப் பத்து மார்க்

போன தை மாதம் கருக்களாச்சேரி கோயில் திருவிழாவில்தான் தேவிகாவின் கிட்டார் முதன்முதலாக அவள் மானத்தை வாங்கியது. பாட்டுக்கு நடுவில் அவள் தனியாக வாசிக்க வேண்டிய இடம். கம்பியை அழுத்திப் பிடித்தாள். சுரம் வரவில்லை, தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட வண்டு மாதிரி கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவர், "என்னம்மா, ஸ்பீக்கர் கிழிஞ்சு போச்சா?" என்று கேட்டார். அதைக் கேட்ட ஸ்பீக்கர்காரர் மேடையேறி, நன்றாக இருந்த ஒயர்களையெல்லாம் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினார்.

தேவிகாவுக்குச் சொந்த ஊர் குரும்பகரம். வார நாட்களில் பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளர். மற்ற நாட்களில் கல்யாணம், காதுகுத்து, திருவிழா என்று மெல்லிசைக் குழுவில் எலெக்ட்ரிக் கிட்டார். இருபத்தாறு வருஷமாக அதே கிட்டார்தான்.

மறுநாள் காரைக்காலில் அஜ்மீர் பாய் கடைக்குக் கொண்டுபோனாள். ஆம்ப்ளிஃபயர் முதல் ஆர்மோனியம் வரைக்கும் எதையும் பிரித்து மாட்டுகிறவர் அவர். கிட்டாரின் கழுத்தில், வயலுக்கு வரப்பு வைத்த மாதிரி குறுக்கே வரிசையாகப் பதித்திருக்கும் உலோகத் துண்டுகளை விரலால் தடவிப் பார்த்தார். ஃப்ரெட் என்பது அதுதான். கம்பி அதன்மேல் அழுந்தித்தான் சுரம் பிறக்கும்.

"தங்கச்சி, இது ஃப்ரெட்டு இல்ல, பல்லாங்குழி" என்றார் பாய். "கம்பி படற இடமெல்லாம் பள்ளமா இருக்கு பாரு. மேல ரெண்டு கம்பிக்குக் கீழ ரொம்ப மோசம். நீ இந்த ஓரமாத்தான் அதிகம் வாசிப்பே போல."

"தேய்ச்சு சமமாக்க முடியாதுங்களா பாய்?"

"அதான் ஆறு வருஷம் முன்னாடியே ஒரு தடவை பண்ணிட்டோமே. இன்னும் தேய்ச்சா மரம்தான் மிஞ்சும். மொத்தத்தையும் பிடுங்கிட்டுப் புதுசு போட்டுடலாம்."

பத்து நாள் ஆயிற்று. சூடு காட்டி ஒவ்வொன்றாகப் பழைய ஃப்ரெட்டை உருவி, புதிதாக இருபத்திரண்டு அடித்து, ஓரங்களை விரல் கிழிக்காதபடி உருட்டி, பாய் கிட்டாரைத் திருப்பித் தந்தார். பழையதை ஒரு காகிதப் பொட்டலத்தில் மடித்து, "உன் உழைப்பும்மா, நீயே வச்சுக்க" என்று கையில் கொடுத்தார். தேவிகா வீட்டுக்கு வந்து வாசித்துப் பார்த்தாள். ஒவ்வொரு சுரமும் துடைத்து வைத்தது போல விழுந்தது. அவள் புருஷன் கார்த்திகேசன் நடவு வயலிலிருந்து அப்போதுதான் வந்தவன், காலில் சேற்றோடு வாசலில் நின்று முழுப் பாட்டையும் கேட்டுவிட்டுத்தான் குழாயடிக்குப் போனான்.

அந்த சந்தோஷம் ஒரு வாரம்தான் நிலைத்தது.

மெல்லிசைக் கலைஞர்களுக்கென்று ஊரில் ஒரு மன்றம் இருந்தது. கால் நூற்றாண்டு வாசித்தவர்களுக்கு வருஷா வருஷம் 'இசைச்சுடர்' பட்டம் கொடுக்கும். செயலாளர் சிவநாதன். போன வருஷம் பட்டம் வாங்கியவரின் கீபோர்டில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை என்பதை யாரோ படம்பிடித்து வாட்ஸப்பில் போட்டுவிட்டார்கள். அவர் சிவநாதனின் சகலை என்பதையும் சேர்த்தே போட்டுவிட்டார்கள். அதனால் இந்த வருஷம் விதி கடுமையாக்கப்பட்டது. கருவியைக் கொண்டுவர வேண்டும். மூன்று பேர் குழு அதன் தேய்மானத்தைப் பார்த்துப் பத்துக்கு மார்க் போடும். துருத்தி கிழிந்த ஆர்மோனியத்துக்கு எட்டு. அடியே தாங்காத தபேலாவுக்கு ஒன்பது.

பட்டத்துக்குப் பெயர் கொடுத்திருந்த தேவிகா கிட்டார் உறையைத் திறந்ததும் குழுவில் மூன்று பேரும் கண்ணைச் சுருக்கினார்கள். புது ஃப்ரெட்டுகள் பளபளவென்று மின்னின.

"என்னம்மா, புதுசா இருக்கு?" என்றார் சிவநாதன்.

"தேஞ்சு போச்சுங்க. போன வாரம்தான் மாத்தினேன்."

"தேஞ்சதைத்தானே நாங்க பாக்கணும்? மாத்திட்டு வந்தா எப்படி?"

தேவிகா பொட்டலத்தைப் பிரித்து வைத்தாள். சிவநாதன் ஒரு ஃப்ரெட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது உங்க கிட்டார்ல இருந்ததுதான்னு என்ன அத்தாட்சி? அதோட, பாருங்க, அங்கங்கதான் தேஞ்சிருக்கு. முழுசா வாசிச்ச மாதிரி தெரியலையே."

"வேணும்னா வாசிச்சுக் காட்டட்டுங்களா?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிவநாதன் விதித்தாளை முன்னும் பின்னும் புரட்டினார். உண்மையான வருத்தத்தோடு சொன்னார்: "வாசிக்கிறது விதியில இல்லைங்களேம்மா."

மார்க் ஒன்று. அதுவும் உறை பழசாக இருந்ததற்காக.

அடுத்து வந்தவர் தெட்சிணாமூர்த்தி. கொம்யூன் பஞ்சாயத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய கிட்டார் பிரான்சிலிருந்து மச்சான் கொண்டுவந்தது. வந்த நாளிலிருந்து கூடத்துச் சுவரில் தொங்கியது. வீட்டுக்கு யார் வந்தாலும் அதைக் காட்டி, "அந்தக் காலத்துல ராப்பகலா வாசிப்பேன்" என்பார். அவர் மேசைமேல் வைத்த கிட்டாரின் ஃப்ரெட்டுகள் ஒன்று விடாமல் மழுங்கியிருந்தன.

"அடேயப்பா!" என்றார் குழுவில் ஒருவர். "கடைசி ஃப்ரெட்டு வரைக்கும் தேச்சிருக்காரே! இடம் விடாத சாதகம்!"

தேவிகா எட்டிப் பார்த்தாள். கம்பி படுகிற இடம், படாத இடம், இரண்டு கம்பிக்கு நடுவில், கழுத்தின் விளிம்பு, எல்லாம் ஒரே சீராகத் தேய்ந்திருந்தது. உப்புத்தாளின் கீறல்கூட அப்படியே இருந்தது.

"ஐயா, கம்பியே போகாத இடத்துல எப்படிங்க தேயும்?" என்று கேட்டாள்.

"பொறாமை வேண்டாம்மா" என்றார் சிவநாதன். தெட்சிணாமூர்த்தி தலைகுனிந்து சட்டைப் பித்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்துக்குப் பத்து. பட்டம் அவருக்கே.

அன்று ராத்திரி தேவிகா சாப்பிடவில்லை. "பட்டம் இல்லாட்டிப் போவுது. வாசிக்கிறேன்னு சொல்றேன், கேக்க மாட்டேங்கறாங்களே" என்று கார்த்திகேசனிடம் ஒரே ஒருமுறை சொன்னாள். அவன் எழுந்துபோய் மின்விசிறியைக் கூட்டி வைத்தான்.

விழா பத்து நாள் கழித்து, ஞாயிறு மாலை. கச்சேரிக்கு தேவிகாவின் குழுவையே பேசியிருந்தார்கள். பட்டம் வாங்கியவர் ஒரு பாட்டு வாசிப்பது மன்றத்தின் வழக்கம். தெட்சிணாமூர்த்திக்கு அது நாலு மணிக்குத்தான் தெரியும். கிட்டாரை ஒயரில் மாட்டிக் கம்பியைத் தட்டினார். ஒரு சுரம் இருமியது. இன்னொன்று செத்தே போயிருந்தது. தாறுமாறாகத் தேய்த்த ஃப்ரெட்டில் எந்தக் கம்பிதான் பேசும்?

சிவநாதன் மேடைக்குப் பின்னால் ஓடி வந்தார். வேட்டியெல்லாம் வியர்வை.

"அம்மா, மன்ற மானம் உங்க கையில. அவர் மேடையில கையை மட்டும் ஆட்டட்டும். நீங்க இந்தத் துணிக்குப் பின்னாடி இருந்து வாசிச்சிடுங்க. வெளியில தெரியாது."

தேவிகா கேட்டாள்: "இது விதியில இருக்குங்களா?"

"இல்லாட்டியும் பரவாயில்லைம்மா."

"சரிங்க" என்றாள்.

தெட்சிணாமூர்த்தி பொன்னாடையோடு மேடையில் நின்றார். திரைக்குப் பின்னால் தேவிகா ஆரம்பித்தாள். நிதானமாகத்தான் ஆரம்பித்தாள். அவரும் நிதானமாக விரலை நகர்த்தினார். கூட்டம் கைதட்டியது. பிறகு அவளுக்குள் பத்து நாளாக அடங்கிக் கிடந்தது விரலுக்கு இறங்கிவிட்டது. வேகம் கூடியது. தெட்சிணாமூர்த்தியின் விரல் கிட்டாரின் கழுத்துக்கும் அடிப்பாகத்துக்குமாக ஓடியது. பொன்னாடை நழுவியது; பிடித்தார்; பிடித்த நேரத்திலும் சுரங்கள் பொழிந்தன. மூச்சு வாங்கியது. இதற்குமேல் தாங்காது என்று கிட்டாரை விட்டுவிட்டு இரண்டு கையையும் கூப்பினார். கும்பிட்டது தேவிகாவுக்குத் தெரியவில்லை. இன்னும் முழுதாக ஒரு நிமிஷம் வாசித்தாள்.

கூட்டம் சிரித்ததா, ரசித்ததா என்று சொல்ல முடியாது. விசில் மட்டும் காதைப் பிளந்தது.

இறங்கி வந்த தெட்சிணாமூர்த்தி திரைக்குப் பின்னால் வந்து நாற்காலியில் விழுந்தார். "எம்மா, எப்ப நிறுத்துவீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க எப்ப நிறுத்துவீங்கன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"

"நான் எப்பம்மா ஆரம்பிச்சேன், நிறுத்தறதுக்கு?" என்றவர், அதைச் சொல்லிவிட்டோம் என்று உறைத்ததும் திடுக்கிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். வேறு யாரும் இல்லை. பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவள் இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்த கோபம் அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எங்கே போனதென்று தெரியவில்லை. தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

மறுநாள் காலை கார்த்திகேசன் உள்ளூர் பத்திரிகையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தான். "இதைக் கேளு" என்று உரக்கப் படித்தான்: "இசைச்சுடர் தெட்சிணாமூர்த்தி, இரு கரங்களையும் கூப்பி ரசிகர்களை வணங்கியபடியே ஒரு நிமிடம் இடைவிடாமல் கிட்டார் வாசித்து அனைவரையும் வியப்பில் ஆழ்த்தினார். இதுபோன்ற சாதகத்தை இளைய தலைமுறை பின்பற்ற வேண்டும் என்று செயலாளர் சிவநாதன் கேட்டுக்கொண்டார்."

தேவிகா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். தோசை கருகுகிற வரைக்கும் சிரித்தாள்.